மீன் கிடங்கில் ஒரு ஸ்வெட்டர்

எங்கள் வீட்டில் குளிர் என்றால் என்னவென்று தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். ஜூரோங்கில் ஒரு மீன் கிடங்கில் அவருக்கு வேலை. உறைந்த மீனும் இறாலும் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கும் பனி அறைக்குள் போவதும் வருவதும்தான் அவருடைய உத்தியோகம். மற்ற நாங்கள் எல்லோரும் சிங்கப்பூர் வெயிலில் பிறந்து சிங்கப்பூர் வெயிலிலேயே வியர்த்துக்கொண்டிருந்தவர்கள். ஆனாலும் கம்பளி பின்னி விற்கும் வியாபாரத்தை எங்கள் வீட்டில் தொடங்கியது, பனிக்கட்டிக்கு மேல் எந்தக் குளிரையும் தொட்டறியாத என் சித்திதான்.

சித்தி அம்மாவின் தங்கை. மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எங்களோடு இருந்தாள். எழுபதுகளின் கடைசி அது. வானொலிப் பெட்டிக்குக் கம்பி பொருத்தும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். கான்வென்ட் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த பின்னல் கையில் இருக்கும்போது எவளோ ஒரு மேற்பார்வையாளரிடம் தான் ஏன் திட்டு வாங்க வேண்டும் என்பது அவள் கட்சி. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இந்த வெயில்ல ஈரத் துண்டு வித்தாலும் நாலு பேரு வாங்குவான். கம்பளி எவன்மா வாங்குவான்?"

"ஆறு மாசம் பாருங்க அத்தான். ஓடலன்னா நானே திரும்பி ஃபேக்டரிக்குப் போறேன்" என்றாள் சித்தி.

முதலில் வாங்கியவர்கள் கைக்குழந்தைகள். அதாவது கைக்குழந்தைகளின் வீட்டார். வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருக்கும்; உள்ளே பிறந்த குழந்தைக்குக் குல்லா, காலுறை, மேல்சட்டை என்று தலை முதல் கால்வரை கம்பளியால் மூடி வைத்திருப்பார்கள். மூடாத வீட்டை ஊரே பேசும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சித்தி வாசலில் நின்று யார் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று ஒரு பார்வை விடுவாள். சாமியாருக்குத் தெரிவதற்கு முன்பே சித்திக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு தொலைபேசிக்கு உறை, தொலைக்காட்சிப் பெட்டிக்கு உறை என்று வந்தது. பெட்டிக்கும் குளிர் அடிக்கிறது போலிருக்கிறது என்று அப்பா கேலி செய்தார்.

மின்விசிறிக்கு நேர் கீழே, கழுத்தில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டுதான் சித்தி பின்னுவாள். கை வியர்த்தால் நூல் ஊசியில் வழுக்காது என்பதால் அடிக்கொரு தரம் உள்ளங்கையில் முகப்பவுடரைப் பூசிக்கொள்வாள். நான் எதிரே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடையிலிருந்து வரும் நூல் சிட்டத்தை என் கைகளில் மாட்டி அவள் உருண்டையாகச் சுற்றுவாள். அந்த நேரம் பார்த்துத்தான் என் மூக்கு அரிக்கும். எனக்குப் பதிலாக அவளே சொறிந்துவிடுவாள். அவள் வீட்டிலேயே இருந்த அந்த நாட்கள் எனக்குத் திருவிழா மாதிரி இருந்தன. அவள் மறுபடி ஷிப்டுக்குப் போய்விடக்கூடாது என்று நான் மாதாவிடம் தினமும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஜவுளிக்கடை அம்மா வந்தார். சிராங்கூன் சாலையில் அவர்களுக்குப் பெரிய சேலைக்கடை. ஒரே மகன். அவன் படிப்பதற்கு இங்கிலாந்து போகிறான். அவனுக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும். சித்தி அதுவரை பெரிய ஆளுக்கு எதையும் பின்னியதில்லை. அதை அவள் சொல்லவில்லை, கேட்டால்தானே சொல்வதற்கு.

அந்த அம்மாவின் நிபந்தனைகள் பல. கறுப்பு கூடவே கூடாது. நல்ல நேரம் பார்த்துத்தான் முதல் கண்ணி போட வேண்டும். உள்பக்கம், நெஞ்சுக்கு நேராக, திருநீற்றுப் பொட்டலம் வைக்க ஒரு சின்னப் பை வேண்டும். சித்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்த அம்மா குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ஆரம்பித்தாள். திருநீற்றுப் பையைத்தான் எல்லாவற்றிலும் அழகாகப் பின்னினாள் என்று அம்மா சொல்வாள்.

ஸ்வெட்டர் முடிந்தது. கரும்பச்சை நிறம். சித்தியும் நானும் பஸ் ஏறிப் போய் அவர்கள் வீட்டில் கொடுத்தோம். மகன் நெடுநெடுவென்று வளர்ந்தவன். போட்டான், கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தான், உடனே கழற்றிவிட்டான்.

"அம்மா, இது ஸ்வெட்டரா அடுப்பா? வெந்துருவேன் லா!"

சித்திக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ஆனால் ஜவுளிக்கடை அம்மா அதைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, கண்ணிகளுக்கு நடுவே பார்த்தார்.

"இந்த ஊர்ல ஒரு துண்டைப் போர்த்தினாலும்தான் வெந்து போகுது. அங்க தாங்குமா? ஓட்டை ஓட்டையா இருக்கே. காத்து உள்ள போகாது?"

"போகாதுக்கா" என்றாள் சித்தி.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ என்னிக்குக் குளிரைப் பார்த்த?"

ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு பெரிய கடையில் வெளிநாட்டு ஸ்வெட்டர் வந்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைவரை பார்த்துவிட்டு அதையே வாங்கிவிடப் போவதாக அவர் சொன்னார். அவர் வேண்டாம் என்றால் ஸ்வெட்டர் ஒன்றோடு போகிற விஷயம் அல்ல. அந்த வருடம் வெளிநாடு போகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோரும் அவர் கடையில்தான் சேலை எடுத்தார்கள். அவர் வாயில் நல்லதாக ஒரு சொல் வந்தால் சித்தி பிழைத்தாள், இல்லாவிட்டால் தொழிற்சாலைதான். ஆறு மாதம் முடிய அதிக நாள் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது சித்தி ஸ்வெட்டரை மடியில் வைத்து ஒவ்வொரு கண்ணியாக விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த நாள் சித்தி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, குளிர்சாதனம் வைத்த தியேட்டரில் என்னோடு ஒரு படம் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளுக்குக் காய்ச்சல் என்று நினைத்து இடம் மாறி உட்கார்ந்தார்கள். அவளோ சுகமாகத் தூங்கிவிட்டாள். தூங்கியதை எப்படிச் சாட்சியாகக் கொண்டுபோய்ச் சொல்வது?

கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்த அப்பா, சிரித்து முடித்ததும் சொன்னார்: "அந்த அம்மாவை எங்க ஐஸ் ரூமுக்குக் கூட்டிட்டு வா. அதைவிடக் குளிர் இங்கிலாந்துலயா இருக்கப் போவுது?"

அப்பாவின் சீன முதலாளி நல்ல மனிதர். சேதி கேட்டதும் அவருக்கும் வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, மீன் லாரியில் நாங்கள் ஜூரோங்குக்குப் போனோம். ஜவுளிக்கடை அம்மா தன் காரில் வந்து இறங்கினார். பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை. ஸ்வெட்டர் சித்தியின் கையில் காகிதப் பையில் இருந்தது. மகனைக் காணோம்.

"அவன் சிநேகிதங்களோட எங்கயோ சுத்தப் போய்ட்டான். பரவால்ல, நானே போட்டுப் பார்க்கிறேன்."

போட்டுக்கொண்டார். கைகள் இரண்டும் ஸ்லீவுக்குள் காணாமல் போயின. ஸ்வெட்டர் முழங்காலைத் தொட்டது. எனக்கு அப்பாவின் வேலைக் கோட்டை மாட்டிவிட்டார்கள். அது தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் கம்பளி பின்னிய சித்திக்குத் தனக்கென்று ஒன்றுமில்லை. யாரோ ஒரு குழந்தைக்காகப் பின்னி வைத்திருந்த போர்வையைத் தோளிலும், ஒரு தொலைக்காட்சி உறையைத் தலையிலும் சுற்றிக்கொண்டாள். முதலாளி எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "செஜூக் லா, செஜூக்!" என்று மலாயில் குளிரைப் பற்றி எச்சரித்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார். அப்பா கனமான கதவைத் திறந்தார்.

அந்தக் குளிரை நான் எப்படிச் சொல்ல! காதைப் பிடித்து யாரோ திருகிய மாதிரி இருந்தது. பெட்டிகளுக்குள்ளிருந்து மீன்கள் கண்ணைத் திறந்தபடி எங்களைப் பார்த்தன. என் வாயிலிருந்து புகை வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஊதினேன், ஊதினேன், சுருட்டுக் குடிக்கும் தாத்தா மாதிரி அண்ணாந்து பார்த்து ஊதினேன். ஜவுளிக்கடை அம்மாவும் தன் வாயிலிருந்து வந்த புகையைப் பார்த்தார்.

"அங்கயும் இப்படித்தான் புகை வருமா தம்பி?"

"வரும்மா, வரும்" என்றார் அப்பா, பக்கத்து ஜொகூருக்கு அப்பால் எந்த ஊரையும் பார்த்திராதவர், கொஞ்சமும் தயங்காமல்.

"சூடா இருக்காக்கா?" என்று சித்தி கேட்டாள். அவள் தாடை நடுங்கியது. குளிரில் பாதி, பயத்தில் பாதி.

அந்த அம்மா, ஒரு கையால் மற்றக் கையைத் தேடி வெளியே எடுத்து, ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றிவிட்டார்.

சித்தியின் முகம் செத்துப்போனது. எல்லாம் முடிந்தது என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

"ஐயோ, கழட்டாதீங்கம்மா, சளி பிடிச்சுக்கும்" என்று அப்பா பதறினார்.

"இருங்க தம்பி. கொஞ்ச நேரம்."

ஸ்வெட்டரை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பட்டுச் சேலையோடு மீன் பெட்டியின் மேல்! உதடு நீலம் பாரித்தது. தலையில் மல்லிகை விறைத்துக்கொண்டு நின்றது. உள்ளங்கையைப் பக்கத்துச் சுவரில் படிந்திருந்த பனியில் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"ராத்திரியிலயும் இப்படித்தான் இருக்குமா?"

இந்தத் தடவை அப்பா தலையைச் சொறிந்தார். வெளியே முதலாளி கதவைத் தட்டி, நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று கேட்டார். அதன் பிறகுதான் அந்த அம்மா ஸ்வெட்டரைத் திரும்பப் போட்டுக்கொண்டார். நீளமான ஸ்லீவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருந்தார். மூக்கைத் துடைக்கிறார் என்று நினைத்தேன். புது ஸ்வெட்டரில் மூக்கைத் துடைத்தால் சித்தி என்ன சொல்வாளோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

வெளியே வந்ததும் வெயில் எங்களைத் தழுவிக்கொண்டது. அந்த வெயிலை அவ்வளவு பிரியமாக நான் அதற்கு முன் நினைத்ததே இல்லை. முதலாளி எல்லோருக்கும் சுடச்சுடத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். ஜவுளிக்கடை அம்மா குவளையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி, சித்தியை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல சூடும்மா. இதே மாதிரி கழுத்து மூடறது ஒண்ணு பின்னு. கையில்லாம உள்ள போட ஒண்ணு. காதுக்குக் குல்லா. கைக்கு உறை. காலுக்கு... காலுக்கு நாலு ஜோடி. அவன் போறதுக்குள்ள முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும்க்கா" என்றாள் சித்தி, தலையில் இன்னும் தொலைக்காட்சி உறையோடு. பிறகு அந்த அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து அவருடைய கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் நாங்கள் எல்லோருமே வியர்க்கத் தொடங்கியிருந்தோம்.

லாரியில் வரும்போது அப்பா பாடிக்கொண்டே ஓட்டினார். அம்மா அன்று கேசரி கிண்டினாள். ஜவுளிக்கடை அம்மா ஒரு வார்த்தை சொன்னது போதும், ஊரிலுள்ள பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் மார்சிலிங்குக்கு பஸ் ஏறி வந்தார்கள். சித்தி தொழிற்சாலைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. சிலர் தாங்களும் ஐஸ் ரூமில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். அப்பா சலிக்காமல் கூட்டிப் போனார். முதலாளியின் மனைவிகூட ஒன்று பின்னச் சொன்னார், எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று லாரியில் வரும்போதே சித்தியிடம் கேட்டேன்: "சூடா இருக்கான்னு பார்க்கத்தானே வந்தாங்க? கழட்டிட்டா எப்படித் தெரியும்? அவங்களுக்கு ஒண்ணும் தெரியலல்ல சித்தி?"

சித்தி என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, "தூங்கு" என்றாள். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் பெரியவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், இடைவேளையில், தோழிகளை உட்கார வைத்து முழுக் கதையையும் நடித்துக் காட்டினேன். மீன்கள் முறைத்ததை, வாயில் புகை விட்டதை, சித்தியின் தலைப்பாகையை. கடைசியாக, ஸ்வெட்டர் சூடாக இருக்கிறதா என்று பார்க்கப் பனி அறைக்குள் போய், அங்கே அதைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடுங்கிய பணக்கார அம்மாவை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, பையை மார்போடு கட்டிக்கொண்டு, பல் கிடுகிடுக்க நடுங்கிக் காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இப்படியும் ஒரு விவரம் தெரியாத அம்மா உண்டா என்று கேட்டார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.