அப்பா விட்டுப்போன டீம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின் ஸீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள். கத்திக் கத்தி இருவருக்கும் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

விஷயம் இதுதான் — உண்மையான புட்பால் சப்போர்ட்டர் யார்?

"வெயில்ல கேலரியில உக்காந்து கத்துறான் பாரு, அவன்தான்டா சப்போர்ட்டர். வீட்ல உக்காந்துக்கிட்டு மறுநாள் ரிசல்ட் விசாரிக்கிறவன்லாம் சும்மா."

"அதுகூடப் பரவாயில்லடா. டீம் மாறுறான் பாரு, அவனை என்ன சொல்றது? முன்னாடி குடையோட உக்காந்திருக்காரே, இவரு கோட்டை டீமுக்கு உசுரை விட்டவராம். இப்ப தோல் கிடங்கு டீமுக்குக் கத்துறாரு. எங்க மாமா இவரைக் கட்சி மாறின ஆளும்பாரு."

குடையோடு உட்கார்ந்திருந்தவன் ரங்கராஜன். என் சிநேகிதன் ரங்கு. அவன் பக்கத்தில்தான் நான் இருந்தேன். எனக்குச் சுரீரென்றது. திரும்பி வாயைத் திறப்பதற்குள் ரங்கு என் கையைப் பிடித்து அழுத்தினான்.

"விடுடா. தெரியாமப் பேசறா."

விட்டுவிட்டேன். பஸ்ஸில் விட்டதை இங்கே பிடித்துக்கொள்கிறேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு இந்தச் சௌகரியமாவது வேண்டாமா?

ரங்குவின் அப்பா வரதாச்சாரியார். ஸ்ரீரங்கத்தில் பழைய கோயில் குடும்பம். பெருமாளுக்குச் சாயங்காலக் கைங்கரியம் அவருடையது. இங்கே மேட்ச் ஆரம்பிப்பது ஐந்து மணிக்கு. அவர் கோயிலுக்குள் நுழைவதும் ஐந்து மணிக்கு. ஆகவே வாழ்நாளில் ஒரு மேட்ச்கூட அவர் பார்த்ததில்லை.

ஆனால் அவருக்கு ஒரு டீம் இருந்தது!

எப்படி என்கிறீர்களா? கோடையில் காவிரி மணலாகக் கிடக்கும். ஸ்ரீரங்கக் கரையோரம் மட்டும் வாய்க்கால் மாதிரி கொஞ்சம் தண்ணீர் ஓடும். விடியற்காலையில் பெரியவர் அங்கே ஸ்நானத்துக்குப் போவார். அதே நேரத்துக்கு அக்கரையிலிருந்து தோல் கிடங்கில் வேலை பார்க்கிற ஆட்கள் மணலில் இறங்கி புட்பால் பழகுவார்கள். ஒரு நாள் பந்து பறந்து வந்து, குளித்துக் கரையேறிய பெரியவர் முதுகில் சொத்தென்று விழுந்தது.

பந்தோ தோல். உதைத்தவர்கள் தொழிலும் தோல். சொல்ல வேண்டுமா? பெரியவர் மறுபடி போய் முழுக்குப் போட்டார். டீம் கேப்டன் காதர் ஓடி வந்து, "மன்னிச்சிருங்க சாமி" என்றார்.

"ஏம்பா, இவ்வளவு மணல் கிடக்கு. என் முதுகுதான் உனக்குக் கோலா?"

மறுநாளும் விழுந்தது. அதற்கு மறுநாளும். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை; மணலில் பந்து அப்படித்தான் போகும். பெரியவர் இடம் மாற்றிக் குளித்திருக்கலாம். மாற்றவில்லை. திட்டிக்கொண்டே முழுகினார். முழுகிவிட்டுப் படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டியபடி ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தக் கோடை முடிவதற்குள் அது அவருடைய டீம் ஆகிவிட்டது.

டீம் என்றால் எப்படிப்பட்ட டீம்? வருஷா வருஷம் சம்மர் டோர்னமென்டில் முதல் இரண்டு மேட்சுக்குள் மூட்டை கட்டுகிற டீம். நானும் ரங்குவும் அப்போது கோட்டை டீம். கப் ஜெயிக்கிற டீம். ரங்கு அந்த டீமுக்காகக் கத்துவதைக் கேட்டால் அவன் ஆபீஸில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். வீட்டில் அப்பாவும் பிள்ளையும் மோதிக்கொள்வார்கள்.

"நாலு கோல் வாங்கினாப்பா உன் டீம்! ஆட்டமா அது?"

"நன்னாத்தான் ஆடியிருப்பா."

"பாக்காமயே சொல்றியே!"

"சாயங்காலம் ஆடினதை நீ பாத்தே. காலம்பற ஆடினதை நான் பாத்தேன். போடா."

எனக்குச் சிரிப்பு வரும். கிரவுண்டுக்கே வராதவருக்கு எதற்கு டீம் என்று அன்றைக்கு நானும் கேட்டவன்தான்.

பிறகு அந்த வருஷம் வந்தது. தோல் கிடங்கு டீம் ஒவ்வொரு மேட்சாகத் தாண்டிக்கொண்டு, யாரும் எதிர்பார்க்காத மாதிரி, பைனலுக்கு வந்துவிட்டது. எதிரே யார்? கோட்டை டீம்!

பெரியவருக்கு நிலைகொள்ளவில்லை. பைனல் அன்று சாயங்காலம் மட்டும் தன் முறையைப் பங்காளி ஒருவரிடம் மாற்றிக்கொண்டார். "ரெண்டு டிக்கெட் வாங்குடா. கோட்டைக்காரா பக்கம் வேண்டாம். எதிர் கேலரில வாங்கு. ஒரு நாளைக்கு நீயும் என்னோட உக்காரு" என்றார். ரங்கு முணுமுணுத்துக்கொண்டே வாங்கிவந்தான். மறுநாள் காலை ஆற்றங்கரையில் பந்து உருண்டு வந்தபோது பெரியவர் அதைக் காலால் ஓங்கி உதைத்துத் திருப்பி அனுப்பினாராம். காதர் பதறிப்போய், "ஐயோ சாமி, நீங்க தொடலாமா?" என்றாராம்.

"எப்படியும் முழுகப்போறேன். உதைச்சுட்டே முழுகறேனே!"

மணலில் அத்தனை பேரும் கைதட்டினார்களாம். வீட்டுக்கு வந்து ஒரு சின்னப் பிள்ளை மாதிரி அதை ரங்குவிடம் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பைனல். வியாழக்கிழமை சாயங்காலம் கைங்கரியம் முடித்து வீட்டுக்கு வந்தவர், தீர்த்தம் கொண்டு வா என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஊஞ்சலில் சாய்ந்தார். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது. ரங்கு அழவில்லை. கொள்ளி வைக்கும்போதுகூட அழவில்லை. சொன்னதையெல்லாம் செய்தான். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை நான் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலுக்கு எதிரே தெருவில் ஒருவர் வந்து நின்றார். வெளுத்த சட்டை, கையில் கழற்றிப் பிடித்த குல்லா. காதர்! பெரியவர் குளிக்க வரவில்லையே என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். ரங்கு பார்த்துவிட்டான். எழுந்து வாசல் வரை போனான். இவன் உள்ளே நிற்கிறான். அவர் தெருவில் நிற்கிறார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற காதர், நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்துவிட்டு நடந்துவிட்டார்.

ரங்கு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏன்டா கூப்பிடலை?" என்றேன்.

"துக்க வீட்டுல நின்னுண்டு வாங்கோன்னு எப்படிடா சொல்றது?"

வாஸ்தவம். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? துக்க வீட்டில் யாரையும் வா என்று அழைப்பதில்லை. போகிறவர்களும் போயிட்டு வரேன் என்று சொல்வதில்லை. வருகிறவர்கள் தாமாக வந்து உட்கார்ந்துவிட்டுத் தாமாக எழுந்து போவார்கள். நானும் அப்படித்தான் உள்ளே வந்திருந்தேன்.

"நீங்கள்லாம் தானா வந்து உக்காந்துட்டேள்" என்றான் ரங்கு. "அவர் இந்தத் தெருவுல, இந்த ஆத்துக்குள்ள, தானா எப்படிடா வருவார்? ஒரு வார்த்தைக்காகத்தான் நின்னார். எனக்குத் தெரியறது. தெரிஞ்சும் வாயைத் திறக்க முடியலை. என்ன நினைச்சுண்டு போயிருப்பார்? அப்பா இருந்திருந்தா..."

முடிக்கவில்லை. அப்பா இருந்திருந்தால் துக்கமே இல்லையே! ஆனால் அவன் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கென்று வந்த ஒரு மனுஷரை அப்பா வீட்டு வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டோமே என்று அவன் உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருந்தான்.

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். அதை நான்தான் சொல்லணும்." பிறகு மெதுவாக, "அலமாரில அப்பா டிக்கெட் இருக்கு. நாளைக்கு நீ எடுத்துண்டு போ. அந்தப் பக்கத்துலயே உக்காரு. பாத்துட்டு வந்து சொல்லு" என்றான்.

போனேன். முதல் தடவையாக எதிர் கேலரி. சுற்றிலும் தோல் கிடங்கு ஆட்கள். சட்டையெல்லாம் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை நெடி. கோட்டை டீம் பந்தை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வருவதை அன்றுதான் பார்த்தேன். எவ்வளவு பயமாக இருக்கிறது, தெரியுமா? காதர் சென்டர் ஹாஃப். அந்த மனுஷர் அன்று ஆடிய ஆட்டம்! வெறுங்காலோடு எங்கே பார்த்தாலும் அவர்தான். இடைவேளைக்குப் பிறகு அவர் அடித்த ஒரு பந்து கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. கேலரியே தலையில் கையை வைத்துக்கொண்டது. நானும்தான்.

கடைசியில் ஒரு கார்னர் கிக்கில் கோட்டை டீம் தலையால் முட்டிக் கோல் போட்டுவிட்டது. பழக்கதோஷம் — பாதி எழுந்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான் மேட்ச்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ரங்கு வீட்டுக்குப் போனேன். கூடம் நிறைய உறவுக்காரர்கள். சித்தப்பா பெரியப்பா எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். சாவு வீட்டில் புட்பால் ரிசல்ட் சொல்வதா? பேசாமல் ரங்கு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"யாருடா?"

"கோட்டை. ஒண்ணு சைபர்."

இத்தனை வருஷமாக அவன் தொண்டை கிழியக் கத்தி வேண்டிக்கொண்ட செய்தி. முகத்தைப் பார்த்தேன். உதடு கோணிற்று. மேல் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, ஓவென்று அழுதான். மூன்று நாளாக வராத அழுகை. "அழட்டும், அழட்டும். இப்பத்தான் அப்பா போனது மனசுல தைச்சிருக்கு" என்றார் சித்தப்பா. அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை.

நான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்.

பதிமூன்றாம் நாள் துக்கம் கழிந்து சுபம் ஆயிற்று. மறுநாள் விடியற்காலை ரங்கு என்னைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான். டோர்னமென்ட் முடிந்தால் என்ன? மணல் இருக்கிற வரை ஆட்டம் உண்டு. மொட்டைத்தலையோடு ஒருவன் மணலில் இறங்கி வருவதைப் பார்த்ததும் பந்து நின்றுவிட்டது. காதர் முன்னால் வந்தார்.

"பெரியவருக்கு ஒரு கப் வாங்கிக் குடுத்திடலாம்னு பாத்தோங்க. அல்லாஹ் நாடலை. அன்னிக்கு வீட்டாண்ட வந்தேங்க. உங்களுக்குச் சங்கடம் வேணாமேன்னுதான்..."

"அன்னிக்குச் சொல்லப்படாது" என்றான் ரங்கு. "இன்னிக்குச் சொல்லலாம். அதுக்குத்தான் வந்திருக்கேன். எங்காத்துக்கு வாங்கோ. எல்லாரும் வாங்கோ."

காதர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு போனார்கள். மணல் ஒட்டிய காலோடு, அந்தத் தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, டீமே போயிற்று. அக்கம்பக்கத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள். ரங்குவின் அம்மா பெரிய அடுக்கு நிறைய மோர் கரைத்து வைத்திருந்தார். காதரைப் பார்த்து, "உங்க பந்தாலதான் தினம் ரெண்டு முழுக்குப் போட்டுட்டு வருவார்" என்றவர், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா போன வருஷம் என்பதால் ரங்கு ஒரு வருஷம் மேட்ச் எதற்கும் போகவில்லை. விடியற்காலை ஆற்றங்கரைக்கு மட்டும் போய் அப்பா உட்கார்ந்த படியில் உட்கார்ந்தான். வருஷம் முடிந்ததும், மேட்ச் நாளில் மட்டும் கைங்கரிய முறையைப் பங்காளியிடம் மாற்றிக்கொண்டு கிரவுண்டுக்கு வந்தான். நேராக எதிர் கேலரிக்குப் போனான். கோட்டைக்காரர்கள் கூவினார்கள், சிலர் இன்று வரை அவனோடு பேசுவதில்லை. தோல் கிடங்கு அதற்குப் பிறகு பைனல் பக்கமே வரவில்லை. அவனும் அந்த கேலரியை விடவில்லை.

ஒரு தடவை நானே கேட்டேன். "அப்பாவுக்காகவா மாறினே?"

"மாறலைடா. வீடு வந்தது, கைங்கரியம் வந்தது. டீமை மட்டும் தெருவுல விட்டுடறதா?"

டீம் மாறாதவன்தான் உண்மையான சப்போர்ட்டர் என்று நானும் நினைத்திருந்தேன், அந்தப் பையன்களைப் போல. கிரவுண்டுக்கு வருகிறவன்தான் என்றும் நினைத்திருந்தேன். ஒரு மேட்சும் பார்க்காத அப்பாவும், டீமை மாற்றிக்கொண்ட பிள்ளையும் என் இரண்டு நினைப்பையும் பொய்யாக்கிவிட்டார்கள். இனி என்னால் விளக்கம் சொல்ல முடியாது. தோற்ற அன்றைக்கு யாருக்கு அழுகை வருகிறதோ அவன்தான் சப்போர்ட்டர்; அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பஸ் நின்றது. ரங்கு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தான். இறங்குவதற்கு முன் அந்தப் பையன்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்களுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்களுக்கும் கோட்டைக்கும் மேட்ச். நாங்க தோத்துடுவோம். இருந்தாலும் எங்க கேலரிக்கு வாங்கோ" என்றான்.

நான் இன்னும் கோட்டை டீம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கேலரியில் உட்காரப்போகிறேன் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.