உதடு தெரிகிற அளவுக்கு

பக்கவாதம் வந்த பிறகு என் கணவர் கதைப்பதைக் காதால் மட்டும் கேட்டால் விளங்காது. குரல் ஒரே இழுவையாக வரும். உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் சொல் பிடிபடும். எனக்கும் மகளுக்கும் அது பழகிப்போயிருந்தது.

மாரி மழையில் ஊரைச் சுற்றி வெள்ளம் நின்றது. கம்பங்கள் சாய்ந்து கரண்ட் இல்லை. அப்படியான ஒரு காலையில், மகனிடம் பொருத்தம் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னார். மௌத்து, அதாவது சாவு, கிட்டிவிட்டது என்று நினைக்கிறவர்கள் எங்களுக்குள் செய்வது அது. என் குற்றத்தைப் பொருந்திக்கொள் என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவர் பொருந்திவிட்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரும்வரை கேட்டவருக்கு நிம்மதி இல்லை.

மகன் கட்டாரில், பாலைவனத்து வேலைத்தளம் ஒன்றில் இருக்கிறான். அறுவடை நேரத்தில் வயலை விட்டுவிட்டு அவன் போனபோது, "என்ர மையித்துக்கும் வராத" என்று, தன் பிணத்தைப் பார்க்கவும் வரக்கூடாது என்று, இவர் சொல்லியிருந்தார். அதன்பின் இருவரும் கதைக்கவே இல்லை.

மகள் போனில் வீடியோ எடுத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கியதால் அது நீண்டுவிட்டது. அனுப்பப் பார்த்தால் போகவில்லை. மழையில் சிக்னலும் இழுபட்டுக் கிடந்தது. நான் என் குரலில் விசயத்தைச் சொல்லி அனுப்பினேன். மகன் திருப்பி அனுப்பினான்: "உம்மா, நீங்க எப்பவும் அப்படித்தானே செல்லுவீங்க. வாப்பா கோவமில்ல, வாப்பா ஒன்னக் கேட்டவர் எண்டு. அவர்ர வாயால செல்லட்டும், நான் பாக்கணும்."

வீடியோவைச் சின்னதாக்கத் தெரிந்தவர் மருமகன். கலியாண வீடியோ எடுக்கிற தொழில் அவருக்கு. எங்கள் வழக்கப்படி மகளைக் கட்டி எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். இத்தனை வருடமாகியும் நான் அவர் முன்னால் நின்று கதைத்ததில்லை. சாப்பாடு வைத்தாலும் மகளிடம் கொடுத்துத்தான் வைப்பேன். அவரும் மாமாவின் அறைப் பக்கம் அதிகம் வரமாட்டார்.

லெப்டொப்பில் மிஞ்சியிருந்த சார்ஜ்தான் வீட்டில் இருந்த கரண்ட் எல்லாம். போனுக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். மருமகன் மகளிடம் விளங்கப்படுத்தியதைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் எது மாறியிருக்கிறது என்று கம்பியூட்டர் தேடுமாம். மாறாத சுவரையும் தலையணையையும் திரும்பத் திரும்ப எழுதாமல் விட்டுவிடுமாம். ஆறுதலாக, மெதுமெதுவாகத் தேடவிட்டால் சின்னதாகவும் வரும், தெளிவாகவும் இருக்கும், ஆனால் சார்ஜைக் குடித்துவிடும். கெதியாகச் செய்யவிட்டால் சார்ஜ் மிஞ்சும், ஆனால் அதே அளவுக்குச் சின்னதாக்கினால் முகம் மங்கும்.

எனக்கு அது விளங்கியது. மகன் போகும்போது அவனுடைய பெட்டியை நான்தான் அடுக்கினேன். அவசரமாகத் திணித்தபோது மூடவில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தபோது மூடியது, ஆனால் என் இடுப்பு விட்டுப்போனது.

"கெதியாச் செய்வம்," என்றார் மருமகன். "குரல் நல்லா இரிந்தாப் போதும்தானே. கலியாண வீடியோவுல மாப்பிள்ளட மூஞ்சி மங்கினாலும் ஒருத்தரும் கேக்கமாட்டாங்க, பொண்ணுட நக தெரிஞ்சாச் சரி."

மகள் சிரித்துக்கொண்டு, அடுப்பு புகைகிறது என்று குசினிக்குப் போய்விட்டாள். குரல் இல்லை, உதடுதான் வேண்டும் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் லெப்டொப் வேலையை முடித்துவிட்டது.

வீடியோ போனது. நெடுநேரம் கழித்து மகனின் பதில் வந்தது. "உம்மா, வாய் எல்லாம் கட்டம் கட்டமா இரிக்கி. என்ன செல்லுறார் எண்டே விளங்கல்ல."

அறையிலிருந்து என் கணவர் என்னைப் பார்த்தார். பதில் வந்ததா என்று உதட்டால் கேட்டார். நான் போய் அவருடைய போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

மகள் என்னிடம் வந்து கோபப்பட்டாள். "எனக்குத்தான் அந்த நேரம் ஓடல்ல. உதடு தெரியணும் எண்டு நீங்க அவருக்குச் செல்லியிரிக்கலாமே. ஒங்கட மருமகன் என்ன புலியா, கடிச்சுத் தின்ன?"

முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு திரைச்சீலையைத் தாண்டிப் போனேன். மருமகன் எழும்பி நின்றுவிட்டார்.

"மகன், வாய் தெரியணும்," என்றேன் அவரிடம்.

"முழுசையும் ஆறுதலாச் செய்யச் சார்ஜ் காணாது மாமி. கொஞ்சத்தச் செய்யலாம். எந்தக் கொஞ்சம் எண்டுதான் எனக்குத் தெரியா."

அவருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தேன். 'என்னப் பொருந்திக்க மகன், நானும் பொருந்திட்டன்' என்று உதடு அசைகிற இடத்தில் விரலை வைத்தேன். அவர் அதை மட்டும் வெட்டி எடுத்தார். லெப்டொப்பின் விசிறி இரைந்தது. அடிப்பக்கம் சுட்டது. மூலையில் இருந்த சார்ஜ் அடையாளம் சிவப்பாகிவிட்டது. எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஓதிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் துண்டு முடிந்து போனுக்கு மாறியதும் லெப்டொப் அணைந்தது. போன் அதை அனுப்பியது. ஒரு சரி அடையாளம் விழுந்தது. இரண்டாவது விழுவதைப் பார்ப்பதற்குள் போனும் அணைந்தது.

அடுத்த நாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கரண்ட் வந்தது. போனைப் போட்டபோது மகனின் குரல் வந்து கிடந்தது. அழுது அழுது சொல்லியிருந்தான். "பொருந்திட்டன் வாப்பா. நான் பொருந்திட்டன். நீங்களும் பொருந்துங்க."

ஆனால் இவர் அன்று காலையிலிருந்தே கண் திறக்கவில்லை. போனை அவர் காதோடு வைத்து அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டேன். சுட்டுவிரல் அசைந்தது. அந்த விரல் அதற்கு முதலும் சும்மா அசைந்துகொண்டுதான் இருந்தது. உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் ஒன்றும் இல்லை.

மகன் போனில் கூப்பிட்டான். "உம்மா, வாப்பாக்குக் கேட்டதா?"

கேட்டது என்று வழக்கம்போல் சொல்லலாம். சொன்னால் அவன் நம்பமாட்டான். தெரியாது என்றால் நம்புவான்.

"உம்மா? லைன்ல இரிக்கீங்களா?"

"இரிக்கன் மகன்," என்றேன். திரும்பவும் அவருடைய உதட்டைப் பார்த்தேன்.