இடுப்பில் முப்பத்திரண்டு

காரைக்குடியிலிருந்து சிங்கம்புணரி போகும் பஸ்ஸில், பர்மாவில் கடை வைத்திருந்த ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நெற்றி நிறைய விபூதி. இடுப்பில் ரங்கூனில் வாங்கிய ரிவால்வர். பஸ் வேகம் குறையும்போதெல்லாம் அவர் கை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

“பெரிய தோட்டா நல்லதா, சின்னதா?” என்று கேட்டுவிட்டேன்.

“நாப்பத்தஞ்சு சைஸ் தோட்டா பட்டா ஆளு அங்கனயே விழுந்துருவான். ஆனா அந்தத் துப்பாக்கியைச் சொருகினா வேட்டி நிக்காது. இது முப்பத்திரண்டு. தினமும் வச்சுக்கிறலாம், பாரமே தெரியாது.”

“இதுல ஆளு விழுவானா?”

“கொஞ்சம் யோசிப்பான். அதுக்குள்ள நாம ஓடிறலாம்.”

நாச்சியாபுரம் தாண்டியதும் அரிவாளோடு மூன்று பேர் நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்தார்கள். அவர் கை இடுப்பிலேயே உறைந்துவிட்டது. வந்தவர்கள் பனையேறிகள், டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

“ஏன் எடுக்கலை?” என்றேன் மெல்ல.

“எடுத்து என்ன செய்ய? தோட்டாவெல்லாம் வீட்டுப் பெட்டகத்துல இருக்கு. சாவி எங்க வீட்டு ஆச்சி இடுப்புல. கட்டிக்கிட்ட நாளா எனக்குக் கோவம் சாஸ்தின்னு சொல்லி, குடுக்க மாட்டாக.”

சிங்கம்புணரியில் இறங்கும்போது, “நீங்க வாங்குனா முப்பத்திரண்டே வாங்குங்க” என்றார், அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

எனக்கு இன்றுவரை அவரைப் புரியவில்லை. ஆனால் பாரமே தெரியாது என்று அவர் சொன்னதில் பொய் இல்லை.