எலியோட மூளைத்தண்ணிக்கு நான் போட்ட ஒட்டு

இன்னைக்கு காலையில ரத்த டெஸ்ட் கவுண்டர்ல...

"சாம்பிள் பத்தலைங்கம்மா, இன்னொரு தடவை குத்தணும்"னு அந்தப் பொண்ணு தயங்கித் தயங்கி சொல்லுச்சு.

சரிம்மான்னு அடுத்த கையை நீட்டினேன். கூட வந்த என் பையனுக்கு ஆச்சரியம். (காபி ஆறியிருந்தா ஓட்டலையே ரெண்டாக்கறவ நான்.)

"சண்டை போடுவன்னு நெனச்சேம்மா"ன்னான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிடறேன்.

எண்பதுகளோட ஆரம்பம். ஆரணியில ஒரு மெடிக்கல் காலேஜோட சின்ன ஆராய்ச்சிக் கூடம் இருந்துச்சு. அதுல நான் டெம்பரரி டெக்னீஷியன்.

என் வேலை, எலியோட மூளைத்தண்ணியை எடுக்கறது. (சாப்பிட்டுக்கிட்டே படிக்கறவங்க மன்னிக்கணும்.)

மூளையைச் சுத்தியும் முதுகுத்தண்டுக்குள்ளயும் ஒரு தண்ணி இருக்கும். மூளையில வீக்கம் வந்தா அந்தத் தண்ணியில புரதம் ஏறும். அதை அளந்தா வியாதி எந்த அளவுல இருக்குன்னு ஓரளவுக்குத் தெரியும்.

எலிக்கு மயக்க ஊசி போட்டு, பிடரி முடியை மழிச்சு, தலையை நல்லா குனிய வைக்கணும். மண்டை ஓடு முடிஞ்சு கழுத்தெலும்பு ஆரம்பிக்கற இடத்துல விரல் வெச்சா ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்கதான் ஊசி.

ஊசிக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ட்யூப். அதுல கண்ணாடி மாதிரி தண்ணி ஏறினா நல்லது. சிவப்பா வந்தா சாம்பிள் வேஸ்ட். கொஞ்சம் ஆழமாப் போயிட்டா எலியே போச்சு.

இத்தனைக்கும் கிடைக்கறது ரெண்டு மூணு சொட்டு. அதை அளவுக் கோடு போட்ட ஒரு குட்டி ட்யூப்ல பிடிச்சு வெக்கணும்.

எங்க வீடு ஆரணி பக்கத்துல சேவூர்ல. வீட்டுக்குள்ளயே தறி. தெருவே பட்டு நூலைக் கடிக்கற எலிக்குப் பொறி வெச்சுகினு இருக்க, நான் மட்டும் எலியைத் தூங்க வெச்சு சம்பளம் வாங்கிகினு இருந்தேன்.

ஆராய்ச்சிக் கூடத்துல எங்களுக்கு மேலதிகாரி ஒரு டாக்டரம்மா. அதிகம் பேச மாட்டாங்க. முதல் நாளே சொன்னது இதுதான்: "ஒரு எலி, ஒரு ட்யூப். தண்ணி பத்தலன்னா பத்தலன்னு எழுதிடுங்க."

தலையாட்டினேன். காதுல வாங்கினேனே தவிர மனசுல வாங்கல.

வியாதி கொடுத்த எலிங்க ஆறுக்கு ஒரு புது மருந்து குடுத்தாங்க. அதுல பதினொண்ணு, பதினாலு, பதினேழு, இந்த மூணு நம்பரும் பாதி ட்யூப்தான் தந்துச்சு. பக்கத்துலயே வியாதி இல்லாத எலிங்களோட தண்ணி கோட்டைத் தாண்டி நின்னுச்சு.

தறி வீட்டுப் பொண்ணு நான். இழை அறுந்தா ஒரு துண்டு நூலை எடுத்து ஒட்டுப் போட்டு நெய்வோம். ஒட்டு தெரியாம போடறவதான் கெட்டிக்காரி. அந்த இடத்தைக் காலியா விட்டா புடவையே கெட்டுடும்.

அப்படியே இதுலயும் போட்டேன். நல்ல எலி தண்ணியில ஆளுக்கு ஒரு சொட்டு. மூணு ட்யூப்பும் கோடு வரைக்கும் நின்னுச்சு.

தப்புன்னு தோணவே இல்ல. பெருமையா இருந்துச்சு.

ரெண்டு நாள்ல ரிசல்ட். ஆறுல மூணு எலிக்குப் புரதம் நல்லா இறங்கியிருக்கு. டாக்டரம்மா சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

"பாதி எலிக்கு மருந்து கேக்குது. டோஸ் ஏத்தினா மீதிக்கும் கேக்கும். அப்புறம் ஆஸ்பத்திரி புள்ளைங்களுக்கு குடுக்கறதைப் பத்தி எழுதிக் கேக்கலாம்"னு போன்ல யார்கிட்டயோ பேசிகினு இருந்தாங்க.

எந்த மூணு எலின்னு நோட்டைப் பார்த்தேன். பதினொண்ணு, பதினாலு, பதினேழு.

மருந்து இறக்கல. புரதம் கம்மியா இருக்கற நல்ல எலி தண்ணியை ஊத்தி நான் இறக்கியிருக்கேன்.

அதே வாரம்தான் என்னை பர்மனென்ட் ஆக்கற லெட்டர் டைப் ஆகி டாக்டரம்மா மேஜையில கையெழுத்துக்கு இருந்துச்சு. எங்க வீட்டுல மாசச் சம்பளத்தைப் பார்த்த முதல் ஆள் நான். வாயைத் திறந்தா என்ன ஆகும்னு தெரியும்.

ரெண்டு நாள் அவங்க ரூம் பக்கமே போகல. மூணாம் நாள் அவங்க முன்னாடி போய் நின்னேன்.

"அம்மா, அந்த மூணு ட்யூப்பும் சரியில்லைங்க."

"ரத்தம் கலந்துடுச்சா?"

"இல்லைங்க. கொறைவா இருந்துச்சுன்னு நல்ல எலி தண்ணியை ஊத்திட்டேங்க."

பேனாவை மூடி வெச்சாங்க. "எதுக்கு?"

"காலியா உட மனசு வரலைங்க."

நோட்டைத் திறந்து அந்த மூணு நம்பரையும் பார்த்தாங்க. "இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க. நீங்க புள்ளைங்களுக்கு குடுக்கலாம்னு பேசினதைக் கேட்டேன். அதான் வந்தேன்."

"சரி, போங்க."

மறுநாள் கூப்பிட்டாங்க. லெட்டர்ல கையெழுத்து இல்ல.

"உங்க மேல கோவம் இல்ல. ஆனா இனிமே நீங்க குடுக்கற ஒவ்வொரு ட்யூப்பையும் நான் சந்தேகப்படுவேன். அப்படி என்னால வேலை செய்ய முடியாது"ன்னாங்க.

அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. நானே வலியப் போய் சொன்னதுக்கு இதுவான்னு பஸ்ல பூரா பொருமிகினே வந்தேன். அந்த மாசத்தோட என் வேலை முடிஞ்சுது.

ஒரு வருஷம் கழிச்சு வீட்டுக்கு ஒரு தபால். டாக்டரம்மா அனுப்பின அச்சடிச்ச ரிப்போர்ட். கடிதம் எதுவும் இல்ல. பிரிச்சதும் கை தானா அந்த அட்டவணைக்குத்தான் போச்சு.

மருந்து குடுத்த எலிங்க ஆறு. மூணு எலிக்குப் புரத அளவு போட்டிருந்துச்சு. புரதம் இறங்கவே இல்ல, மருந்து வேலை செய்யல.

மீதி மூணு கட்டத்துலயும் வெறும் கோடு.

கீழ பொடி இங்கிலீஷ் எழுத்துல காரணம் இருந்துச்சு. ஆள் தப்பு பண்ணிட்டாங்கன்னு எழுதியிருப்பாங்கன்னு பயந்துகினே எழுத்துக் கூட்டிப் படிச்சேன்.

'திரவம் போதுமான அளவு கிடைக்கவில்லை.'

அவ்ளோதான். நான் அன்னைக்கே நோட்டுல எழுதியிருக்க வேண்டியதை எனக்குப் பதிலா அவங்க எழுதியிருந்தாங்க.