நிற்காமல் ஒலித்த ஐந்து கட்டை

போன சனிக்கிழமை அஜின்கோர்ட்டில் இடியப்பம் வாங்கப் போயிருந்தேன். கடை வாசலில் நின்ற பழைய வான் ஒன்றின் ஹோர்ன் தானாகவே அலறத் தொடங்கி, நிற்கவே மாட்டேன் என்றது. ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவர் வான்காரரின் பரம்பரையையே திட்டித் தீர்த்தார். நானோ பார்சலைக் கையில் பிடித்தபடி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! நல்ல சுத்தமான ஐந்து கட்டைச் சுருதி அது. கேட்ட மாத்திரத்தில் நான் மனதால் அந்தப் பழைய ரோஸ்டேல் மாளிகைக்குப் போய்விட்டேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரைவிட்டு வந்த புதிதில் நானும் பரமேஸ் அக்காவும் டோர்செட் பார்க்கில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இருந்தோம். கைப்பை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து வேலை செய்தோம். அதை மூடுகிற சமயத்தில் வோல்டர் என்ற வெள்ளைக்காரர், மெல்லிய தோலை வெட்டி ஒட்டத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும் என்று வந்தார். எதற்கு என்று கேட்டோம். ஓர்கன் திருத்த என்றார். கலியாண வீடுகளில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்களே, அந்த ஓர்கன்தான் எனக்குத் தெரியும். இதற்கு எதற்குத் தோல் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ரோஸ்டேல் மாளிகையில் இருந்த இந்த ஓர்கனைத் தூக்குவதென்றால் வீட்டையே தூக்கவேண்டும். மாடிப்படிக்குப் பக்கத்தில், செதுக்கிய மரத்தட்டிக்குப் பின்னால், ஓர் அறை நிறையக் குழல்கள். சின்னது பென்சில் அளவு. பெரியதற்குள் நான் காலை நீட்டிப் படுக்கலாம். நிலவறையில் ஒரு மோட்டார் காற்றை ஊதி மேலே அனுப்பும். ஒவ்வொரு குழலின் அடியிலும் ஒரு குட்டித் தோல்பை. விசையை அழுத்தினால் பை சுருங்கி வழிவிட, காற்று குழலுக்குள் பாயும். அந்தத் தோலெல்லாம் நமத்த அப்பளம்போல் பிய்ந்து கிடந்தது. புதிதாக வெட்டி, சூடான பசையில் ஒட்டுவது எங்கள் வேலை. ஐயோ, அந்தப் பசையின் நாற்றம்! மாட்டுத்தோலை அவித்துச் செய்தது என்று தெரிந்த அன்று, சுத்த சைவமான அக்கா தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிருதங்கமும் தோல்தானே" என்று திரும்ப எடுத்தார்.

வீட்டுக்காரி ஹார்விக் அம்மையார் எண்பதைத் தாண்டியவர். தகப்பன் ஞாயிறு காலைகளில் ஓர்கன் வாசிக்க, அந்தப் படியில் இருந்து வெண்ணெய் பூசிய பாண் சாப்பிட்டு வளர்ந்தவர். இப்போது படியேற முழங்கால் விடவில்லை. ஓர்கனைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த அறையில் லிப்ட் போடவேண்டும் என்று மருமகன் பிடிவாதமாக நின்றார். அவரும் பாவம், மாமியில் உள்ள அக்கறையில்தான் சொன்னார். கடைசியில் ஒரு உடன்படிக்கை: மாமியின் பிறந்தநாளன்று குடும்பத்துக்கு முன்னால் ஓர்கன் பாடினால் இருக்கும். பாடாவிட்டால் லிப்ட்.

அக்கா ஊரில் முறையாகச் சங்கீதம் படித்தவர். தோல் ஒட்டும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். அதைக் கேட்ட வோல்டர், பிறந்தநாளுக்கு நீங்களும் பாடுங்களேன் என்று சிரித்துக்கொண்டே பகிடியாகச் சொன்னார். அக்கா அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

"சுருதி இல்லாமல் நான் வாய் திறக்கமாட்டன். முதல்ல அஞ்சு கட்டையை விடாமல் பிடிக்கவேணும் எண்டு அவருக்குச் சொல்லு பிள்ளை."

எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். வோல்டர் பலமாகத் தலையாட்டினார். என்ன விளங்கித் தலையாட்டினாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பிறந்தநாள் வந்தது. குடும்பம் முழுக்க மண்டபத்தில் இருந்தது. அம்மையார் ஓர்கனுக்கு முன்னால் போய் அமர்ந்தார். மோட்டாரைப் போட்டதும் வீடே மூச்சு இழுத்தது. அவர் விசையில் கை வைக்கவில்லை, அதற்குள் ஒரு குழல் தானாகவே ஒலிக்கத் தொடங்கிவிட்டது! நிற்கவும் இல்லை. வோல்டரின் முகம் வெளுத்துப்போனது. சின்னக் கதவால் குழல்களுக்குள் தவழ்ந்து போனார். மருமகன் லிப்ட் வரவேண்டிய இடத்தையே பார்த்தார்.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "பாத்தியா பிள்ளை, வோல்டர் மறக்கேல்லை. எனக்கெண்டு சுருதி வச்சிருக்கிறார்."

"அக்கா, உது பழுதக்கா!" என்று கையைப் பிடிப்பதற்குள் எழுந்து பாடத் தொடங்கிவிட்டார்.

என்ன குரல்! அந்த மரச்சுவர்களில் பட்டு மாடிவரை ஏறியது. வந்தவர்கள் இதுவும் நிகழ்ச்சிதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்குக் கைதட்டிக் கத்தவேண்டும்போல் இருந்தது. அப்போது பார்த்து, உள்ளே வோல்டர் வால்வில் சிக்கியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார். ஒலி பட்டென்று நின்றது. அக்கா பாட்டின் நடுவில் கண்ணைத் திறந்தார். குரல் லேசாக நடுங்கியது.

அதுவரை மடியில் கையை வைத்திருந்த அம்மையார் விசைகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒரு விரலால் ஒன்றை அழுத்திப் பிடித்தார். அதே சுருதி! அக்கா பாடி முடிக்கும்வரை அந்த விரலை எடுக்கவில்லை. பிறகு தகப்பன் வாசித்த மெட்டை, அங்கங்கே பிழைவிட்டு வாசித்தார். பெரிய குழல்கள் ஒலித்தபோது என் காலடியில் தரை அதிர்ந்தது. லிப்டை வீட்டின் பின்பக்கம் போடலாம் என்றார் மருமகன். நான் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டேன்.

அது பழுது என்பதை அக்கா கடைசிவரை நம்பவில்லை. "பழுதெண்டால் இவ்வளவு சுத்தமா அஞ்சு கட்டையில நிக்குமே?" என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்.

அம்மையார் இருந்த காலம் மட்டும் ஓர்கனும் இருந்தது. பிறகு வீடு கைமாறி, இடித்து, இப்போது அங்கே கண்ணாடிக் கட்டடம். குழல்கள் எங்கே போயின என்று வோல்டருக்கே தெரியவில்லை. போன மாரிக் குளிரில் அக்காவும் போய்விட்டார்.

கடை வாசலில் ஒருவர் வானின் பொனட்டைத் திறந்து எதையோ பிடுங்கினார். ஹோர்ன் பட்டென்று நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் அக்காவின் பாட்டில் அடுத்த வரியை முணுமுணுத்துப் பார்த்தேன். சுருதியைத் திருப்பித் தர ஒருவரும் இல்லை.