அத்தை போட்ட இரண்டு ஓட்டு

என் மாமனார் இறந்த பிறகு, அவர் பெயரில் இருந்த கம்பெனிப் பங்குகளை அத்தை பெயருக்கு மாற்றுகிற சோலி என் தலையில் விழுந்தது. வீட்டில் பி.காம். படித்தவள் நான் ஒருத்திதான். மாமா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கம்பெனி ஜீப் ஓட்டியவர். கம்பெனி பங்குச்சந்தைக்குப் போனபோது வேலையாட்களுக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்தார்கள். வாங்கி வைத்தவர், அதை விற்கவும் இல்லை, அதைப்பற்றிப் பேசவும் இல்லை.

பங்குகள் மாறிய வருஷமே அத்தைக்குக் கம்பெனியின் ஆண்டறிக்கை வந்தது. என் போனுக்குத்தான் வந்தது. அத்தை போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் காய் தரம் பிரிக்கப் போவார். சாயந்தரம் வந்து குளித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன எழுதியிருக்காக, படி தாயி" என்பார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். லாபம், மழை, காய் விலை என்று கேட்டுக்கொண்டிருந்தவர், இயக்குநர்களின் சம்பளப் பக்கம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதையெல்லாமா வெளிய சொல்லுவாக?"

"சொல்லித்தான் ஆகணும் அத்தை. சந்தையில இருக்கிற கம்பெனி இதை மறைக்க முடியாது. சட்டம் அப்படி."

அந்தப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் இருந்தது. கம்பெனியில் வேலை செய்கிற எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கிறவர் வாங்குவதைப்போல மேலாண்மை இயக்குநர் எத்தனை மடங்கு வாங்குகிறார் என்ற கணக்கு. புள்ளி இடம் மாறி விழுந்திருக்குமோ என்று நான் திரும்பவும் படித்தேன். சரியாகத்தான் இருந்தது. எனக்கு முகம் சூடேறிவிட்டது. அத்தை கோபப்படவில்லை. "நடுவுல நிக்கிறவுகளும் மலையிலதான் இருப்பாக, என்ன?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு மேலாண்மை இயக்குநரின் படத்தைக் காட்டச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் புள்ளையா? இவன் நம்ம தோட்டத்துக்குச் சின்ன மேனேசராத்தான் வந்தான். கேரளாக்காரப் புள்ள. ஒரு அடைமழையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுப்போச்சு. அவனுக்கு நல்ல காய்ச்சல். உன் மாமாதான் தூக்கிட்டு வந்து தோட்டத்துல நமக்குக் கொடுத்திருந்த லைன்வீட்டுல படுக்க வச்சாரு. கஞ்சி வச்சுக் கொடுத்தேன். சேச்சி சேச்சின்னு கெடப்பான்."

கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவரைப் பற்றி இரண்டு தீர்மானங்கள் இருந்தன. அவரையே மறுபடி நியமிப்பது ஒன்று, சம்பளத்தை இன்னும் கூட்டுவது இன்னொன்று. போனிலேயே ஓட்டுப் போடலாம். இரண்டுக்கும் எதிர்த்துப் போடலாம் என்று நான் சொன்னேன். "பொறு தாயி, வெரசா ஆகுற சோலியா இது" என்றார் அத்தை. அடுத்த நாள் குடோனுக்குப் போய் வந்து, அதற்கடுத்த நாளும் போய் வந்து, ஓட்டுப்பதிவு முடிகிற நாள் மத்தியானம்தான் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் புள்ள இருக்கட்டும். மலையைத் தெரிஞ்சவன். ஆனா சம்பளம் கூட்ட வேணாம். வேலைக்குப் போறவுக பிள்ளைகளை விட்டுட்டுப் போற ஷெட்டு இன்னும் ஒழுகுதுன்னு, மேல தோட்டத்துக்குப் போற பொம்பளைக சொல்றாக. அதைப் பார்க்காம இதைக் கூட்டுனா எப்புடி?"

தன் விரலாலேயே அழுத்த வேண்டும் என்றார். காய் பொறுக்கிப் பொறுக்கிக் காய்ந்துபோன விரலுக்குப் போன் கேட்கவே மாட்டேன் என்றது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன். முதலில் சம்மதம். அடுத்து எதிர்ப்பு.

முடிந்தது என்று நினைத்தேன். அத்தைக்கு முடியவில்லை. சாப்பிடும்போது கேட்டார், "நான் வேணாம்னு போட்டது அவனுக்குத் தெரியுமா?"

"யார் என்ன போட்டாகன்னு அவர் பார்த்துக்கிட்டா இருப்பாரு?"

"அப்ப மறைவா குத்தின மாதிரியில்ல ஆகுது. மூஞ்சிக்கு நேரா சொல்லணும்."

நல்லவேளை, கூட்டத்தில் பேச அவர் பெயரை முன்பே பதிந்து வைத்திருந்தேன். கூட்டம் போனில் வீடியோவாகத்தான் நடந்தது. அன்று அத்தை குடோனுக்கு லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டார். ஊர் ஊராக யார் யாரோ ஆங்கிலத்தில் பேசினார்கள். அத்தையின் பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டபோது, அவர் கை என் முழங்காலைப் பற்றிக்கொண்டது.

"வணக்கம்யா. நான் தோட்டத்துல ஜீப்பு ஓட்டுனவரு சம்சாரம். நீங்க இருக்கணும்னு ஒரு ஓட்டுப் போட்டேன். சம்பளம் கூட்ட வேணாம்னு ஒரு ஓட்டுப் போட்டேன். பிள்ளைக ஷெட்டு ஒழுகுது, அதுதான் காரணம். உங்க மேல வருத்தம் இல்ல. கோவிச்சுக்கிறாதீக."

கூட்டத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேள்விகளுக்குக் கடைசியில் பதில் தரப்படும் என்றார். அப்போது இன்னொரு சதுரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சேச்சி."

அத்தை போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஓர்மையுண்டு சேச்சி, நல்லா ஞாபகம் இருக்கு. கோபம் ஒன்றும் இல்லை. அண்ணன் சுகம்தானே?"

"அவரு போயிட்டாருய்யா. போன வருசம்."

மேலாண்மை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கையை நெஞ்சில் வைத்தார். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அத்தையின் முகம் சிறிதாகித் திரையின் ஓரத்துக்குப் போய் மறைந்தது.

அத்தை அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை. மாமா போனதிலிருந்து அவரைப் பற்றிக் கேட்டவர்கள் எல்லாம் போடிக்காரர்கள், உறவுக்காரர்கள். தூரத்தில் இருக்கிற ஒருவர் அவர் சுகமா என்று கேட்டது அன்றுதான். "அண்ணன்னு கேட்டான் பாத்தியா" என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. இரண்டு தீர்மானங்களும் நிறைவேறிவிட்டன. அத்தை மனம் வாடுவார் என்று பயந்து மெதுவாகத்தான் சொன்னேன்.

"வேணாம்னு போட்டது நம்ம ஒரு ஆளுதானா?"

"இல்ல அத்தை. இன்னும் கொஞ்சப் பேர் போட்டிருக்காக. யாருன்னு தெரியாது."

அத்தை யோசித்தார். அவர்கள் எந்த ஊராக இருக்கும், அவர்களுக்கு யார் படித்துச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டார். பிறகு அவரே, "இருக்காகள்ல, அது போதும்" என்று எழுந்து அடுப்படிக்குப் போனார்.

ஷெட்டுக்கு இதுவரை பாதித் தகரம்தான் மாற்றியிருக்கிறார்கள் என்று மேலே போய்வருகிற பெண்கள் சொல்கிறார்கள். மீதியைப் பற்றி அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டும் என்று அத்தை இப்போதே என்னிடம் சொல்லி வைத்திருக்கிறார்.