கல்லில் ஓட்டை

வைரப் பட்டறையில் என் சித்திக்குப் பட்டாசு என்று பெயர். சாணைத் தட்டின் முன் அவள் உட்கார்ந்துவிட்டால் முதலாளியே தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேசுவார். அன்று நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

ஒரு பெண் தன் மாமியாரின் மோதிரத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். கல்லைப் பிடித்திருக்கும் கம்பி தளர்ந்திருந்தது, இறுக்க வேண்டும். கல் பழங்காலத்து வெட்டு. இயந்திரம் வருவதற்கு முன் கையால் பட்டை தீட்டியது. சதுரம்தான், ஆனால் மூலைகள் மழுங்கியிருக்கும். தலை உயர்ந்து, மேல்முகம் சிறுத்திருக்கும். அடிநுனி உடையாமலிருக்க அதைத் தட்டையாகச் சீவிவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால் நடுவில் சின்ன வட்டமாகத் தெரியும். புதுக்கல் போலப் பொடிப்பொடியாக மின்னாது. விளக்கடியில் அகல அகலமாக வெளிச்சம் வீசும்.

“நடுவுல ஓட்டைம்மா,” என்றார் முதலாளி. “மறுபட்டை போட்டுடலாம். சும்மா ஜொலிக்கும்.”

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. சித்தியிடம் திரும்பினாள். “அக்கா, நிஜமாவே ஓட்டையா?”

முதலாளி சித்தியை முறைத்தார். மறுபட்டை போட்டால் கல்லில் நல்ல பங்கு தூளாகப் போகும். அது அவருக்கும் தெரியும், ஆனால் கூலி கிடைக்குமே.

“திருப்பி அடியில நகத்தை வை. உள்ள போகுதா?” என்றாள் சித்தி.

“இல்லக்கா, வழுக்குது.”

“அப்புறம் எங்க ஓட்டை? சொல்றவர் வாயிலதான்.”

அந்தப் பெண் மோதிரத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

“நாளையிலேர்ந்து வராத!” முதலாளி மேசையை அறைந்தார்.

“நாளைக்கு என்ன, இப்பவே எந்திரிக்கிறேன். இதே பொய்யைச் சொல்லி எத்தனை நல்ல கல்லை என் கையாலயே தேய்க்க வச்சீங்க!”

தெருவில் அவளை எட்டிப் பிடிக்க ஓடவேண்டியிருந்தது. “நல்லா கேட்ட சித்தி,” என்றேன்.

“கிழிச்சேன். இத்தனை வருஷம் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தேன்? அதைக் கேளுடா, படிச்சவனே.”

நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் முதலில் யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பேன். நான் எப்படி அவளைக் கேட்பது?

மறுநாள் அடுத்த பட்டறையில் வேலை கேட்கப் போனாள். உள்ளே நுழைந்ததும், “பழைய கல் வந்தா என்னன்னு சொல்லுவீங்க?” என்றாளாம். அங்கும் சண்டை.